கடைசி வரிசைக்குப் பின்னால்

ஐம்பது வருடமாக அந்த ஊரில் நடந்த எல்லாக் கல்யாணத்துக்கும் எல்லாச் சாவுக்கும் அவர் போயிருக்கிறார். ஒன்றுக்குக்கூட அவரை யாரும் அழைத்ததில்லை. வாடகைக்கு நாற்காலி விடுகிறவருக்கு யார் அழைப்பிதழ் கொடுப்பார்கள்? "காலையில இருநூறு சேர் வேணும்" என்று சொல்லி அனுப்பினால் போதும், நாற்காலிகளோடு அவரும் வந்து நிற்பார்.

சேர்க்காரர் என்றுதான் ஊர் அவரைக் கூப்பிட்டது. எண்பத்தாறு வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று ஊரில் விசேஷம் எதுவும் கிடையாது. "அதையும் பார்த்துத்தான் போயிருக்காரு" என்றாள் அவர் மனைவி.

வர்த்தகர் சங்கம் நினைவுக் கூட்டம் நடத்துவதென்று முடிவு செய்தது. சங்கத் தலைவர் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். வீட்டுக்கு வந்து சேர்க்காரர் மகனிடம் விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்கத்து மண்டபத்தில் கூட்டம், மகன் அப்பாவைப் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். சொல்லிவிட்டு எழுந்தவர் வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"அப்புறம் தம்பி, சேர் வேணும்."

சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு நாற்காலி கிடையாது. வாங்க வேண்டும் என்று வருடா வருடம் தீர்மானம் போடுவார்கள். தீர்மானம் போடும் கூட்டத்துக்குச் சேர்க்காரரிடமிருந்துதான் நாற்காலி வரும். ஆக, துக்க வீட்டுக்காரனே துக்கத்துக்கு நாற்காலி அனுப்ப வேண்டியதாயிற்று. "வாடகையை வழக்கம் போலப் பில்லு போட்டுக்கப்பா" என்று தலைவர் பெரிய மனது பண்ணினார்.

மகன் கவலைப்பட்டான். நாற்காலியை நினைத்து அல்ல, பேச்சை நினைத்து. அப்பாவைப் பற்றிச் சொல்ல அவனிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை மேடையில் சொல்ல முடியாது.

அவர் எதற்கும் இருந்ததில்லை. அவ்வளவுதான் விஷயம். ஓட்டப் பந்தயத்தில் அவன் கோப்பை வாங்கிய அன்று ஊர்க்கோடியில் யாருக்கோ சாவு. அக்காவுக்கு முதல் குழந்தை பிறந்த அன்று பேங்க் மேனேஜருக்கு வழியனுப்பு விழா. சரி, தொழில் என்று விடலாம். அவன் கல்யாணத்துக்குமா? குடும்பப் படத்தில் அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் கிடக்கும். "இதோ வந்துடுவாரு" என்று இடம் விட்டு எல்லோரும் சிரித்தபடி நின்றார்கள். சிரித்துச் சிரித்து வாய் வலித்ததுதான் மிச்சம். போட்டோக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா அப்போது வெளியே வேனிலிருந்து நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்.

தொழிலில் அவருக்கு ஒரு முறை இருந்தது. இருநூறு கேட்டாலும் முதலில் பத்தோ இருபதோதான் போடுவார். மீதி வெளியே வேனில் இருக்கும். ஆள் வர வரக் கைக்கு இரண்டாக எடுத்து வந்து, சத்தம் காட்டாமல் கடைசி வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை போடுவார். விசேஷ வீட்டுக்காரர்கள் முதலில் எகிறுவார்கள். "காசு வாங்கலையா? கேட்ட சேர் எங்கய்யா?" என்பார்கள். அவர் வாயைத் திறக்க மாட்டார். வீட்டில் மனைவியிடம் மட்டும் ஒருமுறை காரணம் சொல்லியிருக்கிறார்.

"காலிச் சேரைப் பார்த்தா கூப்பிட்டவங்க மூஞ்சி சுருங்கிடுது. பாக்க சகிக்கல."

அதனால் அவர் காலத்தில் அந்த ஊரில் காலி நாற்காலியோடு ஒரு விசேஷமும் நடந்ததில்லை. பத்துப் பேர் வந்த கல்யாணமும் இடம் கொள்ளாத கல்யாணம்தான். ஊர்க்காரர்கள் இதைத் தங்கள் செல்வாக்கு என்று நினைத்துக்கொண்டார்கள். நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

ஆனால் இந்த வேலைக்கு ஆள் கடைசி வரை அங்கேயே நிற்க வேண்டும். யாரையும் நம்பி விட அவருக்கு மனசு வராது. ஆரம்பத்தில் இரும்பு மடக்கு நாற்காலிகள் இருந்தன. அவை கடித்துக் கடித்து அவருடைய சுட்டுவிரல் நகம் நிரந்தரமாகக் கறுத்துப்போயிற்று. பிறகு பிளாஸ்டிக் வந்தது. "வாளிக்குக் கால் வச்சு விக்கிறான்" என்று திட்டிக்கொண்டே ஒரு லாரி நிறைய வாங்கினார். எண்பதை நெருங்கும்போது, இனி நிற்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கடை வாசலில் தன் நாற்காலி ஒன்றைப் போட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அதில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அப்படியும் இப்படியும் அசைந்து பார்த்தார்.

"இதுலயா இத்தனை நாளா ஜனங்களை உக்கார வச்சேன்?" என்றார்.

அன்றிலிருந்து கடை மகன் கைக்கு வந்தது. முதல் வேலையாக அவன் அந்த முறையைத் தலைமுழுகினான். கேட்டதை டிரைவர் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்துவிடுவார், மறுநாள் போய் ஏற்றி வருவார். யாரும் எங்கேயும் நிற்க வேண்டியதில்லை. பொழுது சாய்ந்தால் அவன் வீட்டில் இருப்பான், மனைவி மக்களோடு உட்கார்ந்து சாப்பிடுவான். அதில் பசியை விட வீம்புதான் அதிகம்.

கூட்டத்துக்கு முந்தின நாள் அக்கா வந்து இறங்கினாள்.

"ஊரே திரண்டு வரும்டா. இருக்கிற சேரையெல்லாம் கொண்டு போய் போடு."

"யாரு வரப் போறாங்க அக்கா? அவங்களுக்கு அப்பா வேணாம், சேர்தான் வேணும்."

"முதல்ல வாயைக் கழுவு. நாளைக்கு மேடையில ஏறி இப்படி ஏதாவது உளறின, நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"அப்ப பொய் பேசச் சொல்றியா?"

"பெத்த அப்பாவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை உனக்குப் பொய்யாடா?"

அக்கா மூக்கைச் சிந்தி அழுதாள். அம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சோறு ஆறுகிறது என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை டிரைவர் வேனை மண்டப வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை, தலையில் எண்ணெய். "இன்னைக்கு நான் சேர் தூக்க வரலை தம்பி. பெரிய முதலாளிக்காக வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். உட்கார நாற்காலி இல்லாததால் ஓரமாகச் சுவரில் சாய்ந்து நின்றார்.

மகனே இறக்கினான். ஐம்பது போட்டதும் கை ஓடவில்லை. ஐம்பது நாற்காலியும் வாயைப் பிளந்துகொண்டு மேடையைப் பார்த்தன. யாரும் வராவிட்டால் அம்மா இதையெல்லாம் பார்ப்பாள். அந்த நினைப்பே அவனுக்குத் தாங்கவில்லை.

மைக் கட்டிக்கொண்டிருந்த மைக்செட்காரர் நிமிர்ந்தார். அப்பா நாற்காலியோடு போன இடத்துக்கெல்லாம் ஒலிபெருக்கியோடு போனவர் அவர்.

"என்ன தம்பி, அப்பா முறையா?"

"இல்ல மாமா. இடுப்பு பிடிச்சிருக்கு. மீதியை அப்புறம் எடுக்கலாம்னு."

மைக்செட்காரர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். அது வேலை செய்தது.

முதலில் பத்துப் பேர் வந்தார்கள், அதில் ஆறு பேர் சங்க நிர்வாகிகள். அம்மாவும் அக்காவும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மகன் உள்ளே போகவே இல்லை. வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். ரோட்டில் போகிறவர்கள் எல்லோரும் வேறு எங்கேயோதான் போனார்கள். ஒருவர் மண்டபத்துப் பக்கம் திரும்பியபோது அவனுக்கு உயிர் வந்தது. அவர் மணி கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு தையல்காரர் குடும்பத்தோடு வந்தார். மருந்துக் கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கைத்தடியோடு வந்தார். அவனுக்கு முன்பின் தெரியாத ஒரு பெண்மணி, தோளுக்கு மேல் வளர்ந்த இரண்டு மகள்களோடு வெளியூரிலிருந்து வந்து, "சேர்க்காரருக்கு இங்கதானே?" என்று கேட்டாள். ஐம்பதும் நிரம்பின. அவன் வேனுக்கு ஓடினான். இரண்டு எடுத்தான், பிறகு நான்கு. கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொன்று. இடுப்பு வலியை அவனே மறந்துபோனான்.

உள்ளே பேச ஆரம்பித்துவிட்டார்கள். வேனுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் அவன் காதில் விழுந்தது துண்டு துண்டாகத்தான். எளிமையின் சிகரம் என்றார் தலைவர். அடுத்தவர் அதையே திருப்பிச் சொல்லி உழைப்பையும் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு தையல்காரர் குரல் வந்தது. கையில் நாற்காலிகளோடு நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டான்.

"எங்கப்பா செத்தப்ப முப்பது பேர்தான் வந்தாங்க. எனக்குத் தெரியும், நான் எண்ணினேன். எங்கம்மாவுக்குத் தெரியாது. உக்கார இடமில்லாம ஜனம் நின்னுச்சுன்னு சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்தா. அந்த ஒரு சந்தோஷம் போதும்னு இருந்தா."

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். மகன் உள்ளே வந்து நாற்காலிகளைப் போட்டான். கைத்தடியோடு நின்ற இன்னொரு பெரியவர் உட்கார்ந்தார். அவன் நிமிர்ந்தான். அப்போதுதான் தான் நிற்கிற இடம் அவனுக்கு உறைத்தது. அங்கிருந்து பார்த்தால் இருநூறு பிடரிகள் தெரிந்தன. அவற்றுக்கு மேலே, மறைப்பே இல்லாமல், மேடை நேராகத் தெரிந்தது. தன் கல்யாணத்தில் அப்பா இந்த இடத்தில்தான் நின்றிருப்பார். வேனுக்குப் போய் வந்த நேரம் போக மீதி நேரம் முழுக்க மாப்பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். இங்கே நிற்கிறவனுக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது? இத்தனை வருடமும் தான் ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அடுத்ததாக, அவருடைய மகன் பேசுவார்" என்றார் தலைவர்.

யாரும் எழுந்திருக்கவில்லை. தலைவர் இன்னொரு முறை கூப்பிட்டார். அக்கா எழுந்து நின்று, பக்கத்து வரிசைகளிலும் கதவோரமும் மேடைக்குப் பின்னாலும் அவனைத் தேடினாள். அவள் முகம் சிவந்துபோயிருந்தது. மைக்செட்காரர் மைக்கை வாங்கி, காணாமல் போன பிள்ளையைத் தேடுகிற குரலில், "சேர்க்காரர் மகன் எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்" என்று அறிவித்தார்.

மகன் வாசலைப் பார்த்தான். படியில் நான்கு பேர் புதிதாக வந்து, இடம் இருக்குமா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா திரும்பினாள். அவள் யாரையும் தேடவில்லை. இத்தனை வருடமும் எந்த விசேஷத்திலும் எங்கே பார்ப்பாளோ அங்கே, கடைசி வரிசைக்குப் பின்னால், நேராகப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். அவன் கையால் வாசலைக் காட்டினான். அவள் தலையை ஆட்டிவிட்டு, மேடைப் பக்கம் சாய்ந்து தலைவரிடம் ஏதோ சொன்னாள்.

தலைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "மகன் பேச மாட்டாராம். வெளிய ஆள் நிக்குதாம், வேலையா இருக்காருன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க."

மண்டபம் சிரித்தது. கொஞ்சம் சிரித்ததுமே நின்றுவிட்டது. அக்கா உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

வேனுக்குப் பின்னால் போய் மகன் வாய்விட்டு அழுதான். அப்பா செத்த அன்று வராத அழுகை. அதிக நேரம் அழ முடியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு நான்கு நாற்காலிகளை இறக்கினான்.