பன்னிரண்டு விதைகளும் ஒரு திறப்பும்

1

இந்தக் கதை ஒரு காகிதத் துண்டிலிருந்து வந்தது. பழைய கைப்பையைக் கொட்டியபோது அகப்பட்டது. பென்சில் எழுத்து: "விதை 12. முளைத்தது —". கோட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லை. எழுதியவள் இராமலெட்சுமி.

2

முதல் தொடக்கம்: கொழும்பு வெள்ளவத்தைக் கடலில் அன்று அலைகள்...

(வேண்டாம். இந்த விதைகளுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாவது: மலைநாட்டுப் பெண்ணான இராமலெட்சுமிக்கு, அழியப்போகும் செடிகளின் விதைகளைக் குளிரில் காக்கும் விதை வங்கியில் வேலை. 1996இன் மின்வெட்டில் குளிர்பெட்டி பழுதானது. உள்ளே ஒரு காட்டுக் கொடியின் கடைசிப் பன்னிரண்டு விதைகள். காட்டில் அந்தக் கொடி இனி இல்லை. கெடுமுன் முளைக்கவைப்போம் என்று பன்னிரண்டையும் நனைத்துவிட்டாள். நனைத்த விதையைத் திரும்பத் தூங்கவைக்க முடியாது. ஒரு நாள் காய்ந்தாலும் போச்சு. சனி, ஞாயிறு அலுவலகம் பூட்டு என்பதால் விதைத் தட்டை வெள்ளவத்தை அறைக்கே கொண்டுவந்தாள்.

(ஆறு விதைகளையாவது வேறெங்காவது குளிரில் வைத்திருக்கக் கூடாதா? அவள்மேல் கோபம் வருகிறது. கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை, பிறகு சொல்கிறேன்.)

3

ஞாயிறு, போர்க்காலச் சந்தேகத்தில் தமிழரைத் தேடிய பொலிஸ் சுற்றிவளைப்பில் அவளைப் பிடித்துப் போனார்கள். பக்கத்து அறைக்காரி அன்று கொட்டாஞ்சேனையில் தமக்கை வீட்டில் நின்றதால் தப்பினாள். மறுநாள் பொலிஸுக்குப் போய்க் கம்பிக்கு வெளியே நின்றாள்.

"சாப்பிட்டனீரோ?"

"அத விடுங்கக்கா. தட்டுல தண்ணி..."

"மொகக்த கியன்னே?" என்ன சொல்கிறாள் என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் அதட்டினார்.

தட்டு, விதை, பன்னிரண்டு. எதைச் சொன்னாலும் சங்கேதமாகப் படும் காலம். கேட்டவளையும் உள்ளே இழுத்துவிடும்.

"ஒண்ணுமில்லக்கா. நீங்க பத்திரமா வீட்டுக்குப் போங்க."

தட்டு காயமுன் தண்ணீர் விடவேண்டும் என்று பக்கத்து அறைக்காரிக்கு விளங்கியது. இராமலெட்சுமி அவசரத்துக்கென்று கொடுத்துவைத்த, அறைப் பூட்டின் மாற்றுத் திறப்பும் அவளுடைய கைப்பையில்தான் இருந்தது.

4

முடிவு அ: ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்தாள். நாலாம் நாள் மூன்று முளை...

முடிவு ஆ: வாசலில் பொலிஸ் காவல். அவளால் கிட்டப் போகவே...

(பொய். காவல் ஒன்றும் இல்லை. ஒரு பூட்டு மட்டும்.)

பக்கத்து அறைக்காரி நான்தான். ஒன்பது நாள் அந்தக் கதவைத் தாண்டி வேலைக்குப் போய்வந்தேன். உள்ளே போனதை யாராவது கண்டு சொன்னால் என்னையும் கொண்டுபோவார்கள் என்று பயந்தேன். பத்தாம் நாள் அவளை விட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டில் ஒட்டியிருந்த இந்தத் துண்டை உரித்து எறிந்தாள், நான் பொறுக்கிக்கொண்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, எனக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றினாள்.

5

கோட்டுக்குப் பிறகு வரவேண்டியது பூச்சியம். எழுதப்போனால் கை நின்றுவிடுகிறது.

உங்களை அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது, யாரும் பிடிக்கமாட்டார்கள். இப்போது திங்கட்கிழமை பின்னேரம் என்று வையுங்கள். நான் பொலிஸிலிருந்து திரும்பி நடக்கிறேன். தட்டில் ஈரம் முழுக்கக் காயவில்லை. இந்தாருங்கள் திறப்பு. மேல்மாடி, இடப்பக்கம் இரண்டாவது கதவு.

கொஞ்சத் தண்ணீர் போதும்.