கட்டைவிரல் எனக்கென்று வைத்திருந்த புத்தகம்

எங்கள் ஊர்ப் பழைய புத்தகக் கடைக்காரரை எல்லோரும் 'கட்டைவிரல்' என்றுதான் கூப்பிடுவோம். பக்கத்தின் முனையை யாராவது மடித்திருந்தால் அவருக்குப் பொறுக்காது. பேசிக்கொண்டே கட்டைவிரலால் நீவி நீவிச் சமன் செய்துவிடுவார். அந்த விரலால் ரயில் தண்டவாளத்தையே நேராக்கியிருப்பார். ரயில்வேக்காரர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நானோ வீடு வீடாகக் கரண்டு மீட்டர் கணக்கெடுத்து ஓய்வுபெற்றவன். பக்கத்தை மடிக்காமல் படிக்கத் தெரியாது.

"ஏன்யா மீட்டரு, பக்கத்தோட காதை இப்படித் திருகுற? அது உன்னை என்னய்யா பண்ணிச்சு?" என்பார்.

அவர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு அலமாரி இருந்தது. அதிலிருந்து எதையும் விற்கமாட்டார். என்றாவது ஒருவரை ஏற இறங்கப் பார்த்து, "இது உனக்குன்னு வச்சிருந்தது" என்று ஒன்றை உருவிக் கொடுப்பார். பல் டாக்டருக்குக் கொடுத்தார். கடைசிப் பக்கம் முடிந்தது, டாக்டரும் முடிந்தார். தையல்கார அக்காவும் அப்படியே. அப்புறம் தபால்காரர். பாதி ஊரே அப்படித்தான் போனது என்று நான் சொன்னால், "மூணே பேருங்க" என்று என் மனைவி திருத்துவாள். மூன்று போதாதா?

ஒருநாள் கட்டைவிரலும் அங்கிருந்து ஒன்றை எடுத்தார், படித்து முடித்தார், நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார்.

கடையைக் காலி செய்ய வந்த அவர் மகள் என்னைக் கூப்பிட்டனுப்பினாள். அலமாரியில் ஒரே ஒரு புத்தகம் மிச்சம்.

"மாமா, இது உங்களுக்காம். 'மீட்டருக்கு இன்னும் நேரம் வரல'ன்னு அப்பா சொல்லிட்டே இருப்பாரு."

"இப்ப மட்டும் வந்துடுச்சாம்மா?"

"கடைய நாளைக்கு ஒப்படைக்கணும் மாமா."

என் உயிருக்கு அவ்வளவுதான் மரியாதை!

திறக்கவே கூடாது என்று சத்தியம் செய்தேன். சாயங்காலத்துக்குள் பாதி படித்துவிட்டேன். ஆளில்லாத வீடு, பூட்டிய அறை, உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்கள். யாரென்று தெரிந்தால் செத்தேன். தெரியாமல் எப்படிச் சாவது?

முனையை மடித்து வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் மடிப்பைக் காணோம். பக்கம் வழவழவென்று, தொட்டால் இளஞ்சூடாக இருந்தது. மடிப்போடு சேர்த்து என் மண்டையையும் நீவியிருக்க வேண்டும். கதவு தட்டப்படுவதைத் தாண்டி ஒரு வரிகூட நினைவில்லை.

"நீயா நீவின?" என்று மனைவியைக் கேட்டேன்.

"உங்க சட்டையையே நான் நீவுறதில்ல. போங்க!"

முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுநாளும் அதே கதை. அதற்கடுத்த நாளும். சத்தம் போட்டுப் படிப்பது என் பழக்கம். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

"தினமும் அதே கதவு, அதே தட்டலு! ஒழுங்கா முடிச்சுத் தொலைங்க."

"முடிச்சா நான் இருக்கமாட்டேன்டி!"

"ஆமா, நீங்க விடாத புளுகா!"

அன்று கடைசி அத்தியாயத்தின் வாசல்வரை வந்துவிட்டேன். மடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, தன் கொண்டையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி அந்தப் பக்கத்தில் செருகினாள். "இதை எந்த விரலு நீவுதுன்னு பாக்குறேன்."

காலையில் புத்தகம் மூடிக் கிடந்தது. அதனருகே ஹேர்பின், வெள்ளித்தாள் போலத் தட்டையாக. நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை, பெரியது. தொட்டவள் சுட்டதுபோல் விரலை இழுத்துக்கொண்டாள்.

மெல்ல என் பக்கத்தில் வந்து, ஒட்டி உட்கார்ந்தாள். முதல் பக்கத்தை அவளே திருப்பினாள்.

"முதல்லேருந்தே படிங்க," என்றாள். "மெதுவா."