பீரோவில் எட்டு பென் டிரைவ்

சசிகலா கேட்ட தொகை வருடத்துக்கு எண்பத்து நாலாயிரம் ரூபாய். ஜவ்வாது மலையில் அறக்கட்டளை ஒன்று நடத்தும் சின்ன மருத்துவமனைக்கு அது ஆறு மாத வேன் டீசல். பொருளாளர் கோபால் கலசப்பாக்கத்தில் நெல் மண்டி வைத்திருந்தவர். அவள் நீட்டிய கோரிக்கைத் தாளைக் கையில் வாங்கியதுமே கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“இன்னாம்மா இது? தெனிக்கும் சாயங்காலம் பென் டிரைவ்ல காப்பி எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்றோம். அதுக்கு மேல பேக்கப்புக்குன்னு தனியா ஒரு சாஃப்ட்வேரா?”

சசிகலா கணியம்பாடிக்காரி. மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள் அவள் பொறுப்பு. இந்தக் கேள்விக்காகத்தான் பத்து நாளாகக் காத்திருந்தாள்.

“அந்தக் காப்பிய ஒரு தபாவாச்சும் தொறந்து பாத்திருக்கோமா சார்?”

தலைமை டாக்டர் ரேணுகாதேவி பீரோச் சாவியை மேசைமேல் வைத்தார். “பாத்துடலாம். இப்பவே.”

எட்டு பென் டிரைவ்கள். சசிகலா காலி லேப்டாப் ஒன்றில் நேற்றைய காப்பியைச் செருகினாள். பச்சைக் கோடு பாதி வரை ஓடி நின்றது. ‘கோப்பு சிதைந்துள்ளது’ என்று சிவப்பில் வந்தது. முந்தின நாளுடையதும் அப்படியே. மூன்றாவது திறந்தது, ஊர்ப் பெயர்கள் வந்தன, ரத்தப் பரிசோதனை முடிவுகள் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எட்டில் ஒன்றுகூட முழுசாகத் தேறவில்லை.

“நாம காப்பி எடுக்கற நேரத்துல லேப்ல எழுதினே இருக்காங்க சார். ஓடற பஸ்ஸ போட்டோ புடிச்சா கலங்கிப் போகுமே, அந்த மாதிரிதான்.”

“அப்போ கொஞ்ச நேரம் எல்லாத்தையும் நிறுத்திட்டு எடு.”

“பிரசவ வார்ட நிறுத்தறதா சார்? அப்படியே எடுத்தாலும், கம்ப்யூட்டர் நின்னுட்டா அதுக்கப்புறம் எழுதனது போச்சே.”

அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருந்த பாஞ்சாலை எழுந்துவிட்டாள். மலைக்காரப் பெண், சுகாதாரப் பணியாளர். நெல்லிவாசல் நாடு என்ற மலைப்பகுதியில் ஜீப் போகாத ஊர்களுக்கெல்லாம் நடந்தே போய், வீடு வீடாகப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து வந்தவள். நாலு வருஷ வேலை.

“அந்த கம்ப்யூட்டர் நின்னுபோனா, நான் நடந்ததெல்லாம் எங்க இருக்குது சசி?”

“எங்கியும் இல்லக்கா. மறுபடியும் நடக்கணும்.”

பாஞ்சாலை கோபாலைப் பார்த்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. “சரி, இது தொறக்கல. உன்னோடது மட்டும் தொறக்கும்னு இன்னா நிச்சயம்?”

நியாயமான கேள்வி. சசிகலா அந்த மென்பொருளின் ஒரு மாத இலவசப் பதிப்பை ஏற்கனவே போட்டிருந்தாள். பழைய பதிவுகளோடு, புதிதாக எழுதப்படும் ஒவ்வொன்றையும் அது அப்போதைக்கப்போது டாக்டர் அறையில் இருந்த ஒரு தனிச் சேமிப்புப் பெட்டியில் சேர்த்துவந்தது. ஒருமுறை மீட்டும் பார்த்திருந்தாள். ஆனால் இத்தனை பேர் எதிரில் இல்லை.

“நீங்களே சோதிங்க சார்,” என்றாள்.

கோபாலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “பாஞ்சால, நீ போயி இன்னைக்கு வந்தத ஏதாச்சும் ஒண்ணு ஏத்து.”

காலையில் அமுதவல்லிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. பாஞ்சாலை அதைப் பதிந்தாள். இரண்டு கிலோ எண்ணூறு. பெயர் இன்னும் வைக்கவில்லை. பதிந்த மணி பதினொன்று நாற்பத்திரண்டு. ஒரு நிமிஷம் விட்டுக் கோபால் தன் கையாலேயே முதன்மைக் கம்ப்யூட்டரின் மின் கேபிளைப் பிடுங்கினார். “செத்துப்போச்சுன்னு வெச்சுக்கோ. இப்போ காட்டு. வார்டுல அதுவரிக்கும் நோட்டுல எழுதட்டும்.”

சசிகலா சேமிப்புப் பெட்டியிலிருந்து மீட்கத் தொடங்கினாள், லேப்டாப்பில் கோடு நகர ஆரம்பித்தது. இருபது சதவீதம். நாற்பது. வாசலில் மலையிறங்கும் ஷேர் ஜீப்காரர் ஹாரன் அடித்து, “சார், கெளம்பிட்டேன்!” என்று கூவினார். “நீ போப்பா, நான் அடுத்ததுல வர்றேன்!” என்று கோபால் திரும்பாமலே கத்தினார். எழுபத்தொன்றில் கோடு நின்றது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். எல்லாரும் சசிகலாவின் முதுகுக்குப் பின்னால் நெருங்கி நின்றார்கள். பாஞ்சாலையின் மூச்சு அவள் கழுத்தில் பட்டது.

எழுபத்திரண்டு. பிறகு கடகடவென்று நூறு.

சசிகலா கடைசிப் பதிவைத் திறந்தாள். தாய் அமுதவல்லி. பெண். இரண்டு கிலோ எண்ணூறு. பதினொன்று நாற்பத்திரண்டு.

“வந்துச்சு!” என்று டாக்டர்தான் முதலில் கத்தினார்.

பாஞ்சாலைக்கு அது போதவில்லை. “கருப்பன், நெல்லிவாசல். பி பாசிட்டிவ். பாரு!” சசிகலா தேடினாள், பி பாசிட்டிவ். “சின்னக்குழந்தை பாட்டி. ஓ நெகட்டிவ்!” இருந்தது. பாஞ்சாலை மனப்பாடமாகப் பெயர்களை அடுக்க, திரை ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றது. அவள் சிரித்தாள், கண்ணையும் துடைத்துக்கொண்டாள். லேப்காரர்கள்கூட எட்டிப் பார்க்க வந்துவிட்டார்கள்.

கோபால் கேபிளைத் திரும்பச் செருகிவிட்டு வந்து கோரிக்கைத் தாளில் கையெழுத்துப் போட்டார். “ஒண்ணு. மாசா மாசம் என் எதிர்ல இதே மாதிரி மீட்டுக் காட்டணும். ரெண்டு, தர்ம ஆஸ்பத்திரின்னு சொல்லி வெலய கொறைக்கச் சொல்லு.”

“பேசறேன் சார்,” என்றாள் சசிகலா. வாங்குவதற்கான மின்னஞ்சலை அங்கேயே எழுத உட்கார்ந்தாள். அவசரத்தில் கடவுச்சொல் இரண்டு முறை தப்பாகப் போனது.