லில்லியின் நாலு ராடு

உதயகுமாரின் பந்தயக் காரில் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு கதவுகளிலும் பிள்ளையார்பாளையத்து அவன் குடும்பப் பட்டுக்கடையின் பெயர், முழ நீள எழுத்தில். கண்ணாடியில் அவன் பெயர். பானெட்டில், போன வருடம் என்ஜின் கட்டிக்கொடுத்த கோயம்புத்தூர்க்காரரின் பெயர். அந்த என்ஜின் ஏழாவது சுற்றிலேயே ராடு வளைந்து செத்துப்போனது. பெயர் மட்டும் பானெட்டில் சாகாமல் இருந்தது.

இந்த வருடம் என்ஜின் கட்டியது லில்லி. செவிலிமேட்டில் லேத் பட்டறை வைத்திருப்பவள். இருபத்திரண்டு வருடமாக யார் யாரோ கொடுத்த வரைபடத்துக்கு இரும்பு கடைந்திருக்கிறாள். எந்தப் பொருளிலும் அவள் பெயர் இருந்ததில்லை. அவள் அப்பா தென்னேரியில் அடுத்தவன் நிலத்தில் அறுப்பறுத்தவர். அந்த நெல்லில் மட்டும் அவர் பெயர் இருந்ததா என்ன?

ஆனால் இந்த என்ஜின் வேறு. சாதாரண ஆயிரத்து முந்நூறு சிசி என்ஜின்தான். டர்போ வைத்து அதன் பலத்தை இரண்டு பங்காக்கியிருந்தார்கள். பிஸ்டனையும் கிராங்க் என்ற சுழல்தண்டையும் இணைக்கும் பழைய ராடுகள் அந்த அடியைத் தாங்கவில்லை. லில்லி தானே வரைந்து, தானே கணக்குப் போட்டு, தடித்த எஃகுக் கட்டையிலிருந்து நாலு புது ராடுகளைக் கடைந்தெடுத்தாள். கிராங்கைப் பிடிக்கும் மூடிகளையும் எஃகிலேயே செய்தாள். நாலு ராடுக்கும் நடுவே பத்து அரிசி எடைகூட வித்தியாசம் கிடையாது. தராசில் வைத்துப் பார்த்த அன்று, கர்வம் தாங்காமல் தெருவில் போன பால்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"தம்பி, பானெட்ல என் பேரு வரணும்" என்று ஆரம்பத்திலேயே உதயகுமாரிடம் கேட்டுவிட்டாள்.

"மொதல்ல ஓடட்டும்க்கா" என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். புதன்கிழமை காலையில் பட்டறையிலேயே என்ஜினைத் தாங்கியில் பூட்டி ஓட்டினார்கள். இருபது நிமிடம் ஓடியது. என்ன சத்தம்! பக்கத்து டீக்கடையில் கிளாஸெல்லாம் ஆடியது. லில்லியின் கணவன் சிட்டிபாபு, என்ஜினை அவளோடு சேர்ந்து பூட்டியவன், கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரித்ததில்லை.

முதல் ஓட்டம் முடிந்ததும் ஆயில் ஃபில்டரை அறுத்து உள்ளே இருக்கும் காகிதத்தைப் பார்ப்பது வழக்கம். என்ஜினுக்குள் எங்காவது உலோகம் தேய்ந்திருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும். லில்லி காகிதத்தை விரித்தாள். அதன் மடிப்புகளில் மஞ்சளாய்ப் பொடிப்பொடியாக மினுக்கியது.

காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"போச்சு" என்றான் உதயகுமார். "பேரிங் தேஞ்சுக்கினு இருக்குது. ராடு அளவு தப்பு. நான் அப்பவே யோசிச்சேன்க்கா... கோயம்புத்தூருக்கே குடுத்திருக்கணும்." சொல்லிக்கொண்டே போனைக் கையில் எடுத்துவிட்டான்.

ஒரு கணம் லில்லியும் அதை நம்பிவிட்டாள். அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறாத வெட்கம். தன் கையளவைத் தானே சந்தேகப்பட்டாள்! பிறகு வந்த கோபத்தில் குறடை எடுத்து, மினுக்குவதில் ஒன்றைக் காகிதத்திலிருந்து பிடுங்கினாள். பொடி என்று நினைத்தது கையோடு நீண்டு வந்தது. தேய்ந்த உலோகம் இழையாக வருமா? நகத்தால் சுரண்டினாள். மேல்பூச்சு உரிந்து, உள்ளே சிவப்பாய்ப் பட்டு நூல் தெரிந்தது.

"போனை வெய்ங்க தம்பி. எந்த பேரிங்குக்குள்ள செவப்பு பட்டு இருக்குது?"

உதயகுமார் வாங்கிப் பார்த்தான். பட்டுக்கடை வீட்டுப் பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? "ஜரிகை!" என்றான்.

"அசல் ஜரிகை. உங்க வூட்டு சரக்கு நல்ல சரக்குதான்பா."

விஷயம் இதுதான். மற்ற ஊர்ப் பட்டறைகளில் கையையும் இரும்பையும் பருத்தி வேஸ்ட்டால் துடைப்பார்கள். காஞ்சிபுரத்தில் தறியில் வெட்டி விழும் பட்டுக் கழிவுதான் கைக்கு வரும். மெத்தென்று இருக்கும், எண்ணெயை நன்றாக இழுக்கும். உதயகுமாரின் அம்மா இந்திராணியே மாதாமாதம் ஒரு மூட்டை அனுப்புவார். அதை வைத்துத்தான் சிட்டிபாபு என்ஜினின் உள்வாயெல்லாம் பளபளவென்று துடைத்திருக்கிறான்.

உதயகுமாருக்கு மூச்சு வந்தது. "அப்ப ஒண்ணும் இல்லக்கா. ஃபில்டர்தான் புடிச்சிக்கிச்சே. புதுசு மாட்டுங்க, வண்டில ஏத்திடலாம்."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் தலையாட்டியிருப்பார்கள். லில்லி ஆட்டவில்லை.

"ஃபில்டருக்கு முன்னால இருந்தது மாட்டிக்கிச்சு. அதுக்கு அப்பால இருக்கறது? என்ஜினைப் பிரிக்கணும்."

"மூணு நாள்தான் இருக்குதுக்கா! பிரிச்சா ஞாயித்துக்கெழம ஓட்டவே முடியாது!"

"தப்பு எங்க கைல நடந்தது தம்பி. ராடுல இல்ல, தொடைச்சதுல. எதால தொடைக்கறாங்கன்னு நான் பாக்கல. அது என் தப்பு. பிரிக்காம குடுக்க மாட்டேன்."

சிட்டிபாபு குனிந்த தலை நிமிராமல் ஸ்பேனரை எடுத்தான்.

மறுநாள் மதியம் கிராங்க் வெளியே வந்தது. பேரிங்குகள் புதுசாகவே இருந்தன. ராடுகள் போட்ட அளவில் அப்படியே நின்றன. சிட்டிபாபு கிராங்கின் எண்ணெய்த் துளைகளுக்குள் மெல்லிய பிரஷ்ஷை விட்டு எடுத்தான். மூன்றாவது துளையிலிருந்து விரற்கடை நீளத்துக்கு ஓர் இழை சுருண்டு வந்தது, கல்யாணப் புடவையில் மின்னுவது மாதிரியே மின்னிக்கொண்டு. எண்ணெய் போகும் வழியில் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அது. ஞாயிற்றுக்கிழமை அந்த வேகத்தில் ஓட்டியிருந்தால் முதலில் அந்த பேரிங் போயிருக்கும். ஊர் ராடைத்தான் குறை சொல்லியிருக்கும்.

உதயகுமார் அந்த இழையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "நான் இன்னா பண்ணட்டும்?" என்றான். பிரித்த பாகங்களை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவச் சொன்னாள் லில்லி. பட்டுக்கடை முதலாளி வீட்டுப் பிள்ளை இரண்டு நாள் கழுவினான். சனிக்கிழமை சாயங்காலம் என்ஜின் காருக்குள் உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் லில்லி உட்காரவே இல்லை. ஏழாவது சுற்று வந்தபோது சிட்டிபாபுவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். எட்டு, ஒன்பது, பத்து. கார் அவர்களைத் தாண்டும்போதெல்லாம் அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் இறங்கியது. பிசிறில்லாத சத்தம், அவள் கடைந்த சத்தம். பதினைந்து சுற்றும் முடிந்து உதயகுமார் இரண்டாவதாக வந்தான்.

சூடு ஆறியதும் எல்லார் முன்னாலும் ஃபில்டரை அறுத்தாள். காகிதத்தில் எண்ணெயைத் தவிர ஒன்றும் இல்லை. அதை நாலு பக்கமும் திருப்பிக் காட்டினாள். பார்க்காதவர்களையும் கூப்பிட்டுக் காட்டினாள். இந்தத் தடவை எல்லாருக்கும் புரிந்தது.

உதயகுமார் பானெட்டில் இருந்த பழைய பெயரை நகத்தாலேயே சுரண்டி எடுத்தான். பிறகு பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்து நீட்டினான். உள்ளங்கை அகலத்தில் அவள் பெயர். "முந்தாநாளே அடிச்சி வெச்சிட்டேன்க்கா. இது போதுமா?"

லில்லி அதைப் பார்த்தாள். கார்க் கதவைப் பார்த்தாள்.

"உங்க கடைப் பேரு எம்மாம் பெருசா இருக்குதோ, அம்மாம் பெருசு வேணும் தம்பி" என்றாள். "அடிச்சிக்கினு வாங்க. நான் நிக்கறேன்."