கண்ணைக் கட்டிக் கேட்ட பாட்டு

பல் மருத்துவர் தன் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பாட்டுக் கருவியோடு இணைத்த புதுப் பெட்டியின் பொத்தானை அழுத்தினார். நீல விளக்கு எரிந்தது. பாட்டின் மேலிருந்த திரை விலகியதுபோல இருக்கிறது என்று பூரித்தார். உங்கள் கருவியின் ஒலியில் குறை இருக்கிறது என்று பயமுறுத்தி, கடைக்காரர் கேட்டுப் பார்க்கக் கொடுத்திருந்த பெட்டி அது. பிடித்திருந்தால் நாளைக்கு ஈடாக மனைவியின் வயலினைக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. எப்போதாவதுதானே எடுக்கிறாய் என்று அவர் கேட்டபோது அவள் எழுந்துபோய்த் தம்பியைத் தொலைபேசியில் அழைத்தாள்.

செய்தி கேட்டு அவளுடைய தம்பி ஓடிவந்தான். வானொலி நிலையத்தில் ஒலிப்பொறியாளன். பெட்டி என்ன செய்யும் என்று மாமாவிடமே கேட்டான்.

அவர் விளக்கியது சரிதான். டிஜிட்டல் இசை என்பது எண்களின் வரிசை. உள்ளே ஒரு சின்னக் கடிகாரம் தட்டத் தட்ட, நொடிக்குப் பல்லாயிரம் எண்கள் ஒவ்வொன்றாக ஒலியாக மாறுகின்றன. தட்டு ஒரு துளி முந்தினாலும் பிந்தினாலும் ஒலியலை லேசாகக் கோணும். அந்தத் தடுமாற்றத்துக்குப் பெயர் ஜிட்டர். பெட்டி அதைக் குறைக்கிறது.

"எல்லாம் சரி மாமா. உங்களுக்குக் கேக்குதா?"

"விளக்கு எரிஞ்சதுமே கேக்குதே மாப்ளே."

"அப்ப கண்ணக் கட்டிக்கங்க. பெட்டி ஓடுதா இல்லையான்னு சரியாச் சொல்லிட்டா வயலினை நானே கடைக்குத் தூக்கிட்டுப் போறேன்."

அக்கா தம்பியை முறைத்தாள். ஆனாலும் துண்டை எடுத்துவந்து இறுக்கிக் கட்டியவள் அவள்தான்.

தம்பி நாணயத்தைச் சுண்டினான். தலை விழுந்தால் பெட்டியோடு, பூ விழுந்தால் பெட்டி இல்லாமல். ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஒலித்தது. முதலில் பட்டென்று பதில் சொன்னவர், போகப் போக இன்னொரு முறை போடச் சொன்னார். துண்டை அவிழ்த்தபோது பாதி சரி, பாதி தப்பு.

"உங்களுக்குப் பதிலா இந்தக் காசே பதில் சொல்லியிருக்கும் மாமா."

அவர் கோபிக்கவில்லை, ஆர்வம்தான் பொங்கியது. அப்படியானால் ஜிட்டர் எப்போது கேட்கும்? தம்பி கணினியில் அதே பாட்டில் தடுமாற்றத்தைக் கூட்டிக்கொண்டே போனான். ஒன்றும் தெரியவில்லை. சாதாரணக் கருவியில் இருப்பதைவிடப் பல நூறு மடங்கு ஏறிய பிறகுதான் குரல் கரகரத்தது. மருத்துவர் துள்ளி எழுந்தார்.

"இப்பக் கேக்குது!"

சொன்ன வேகத்திலேயே மனைவியைப் பார்த்தார். அவள் வயலின் பெட்டியின் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். உடனே கடைக்காரரை அழைத்து, பெட்டி வேண்டாம் என்றார். காதில் ஏதும் கோளாறா என்று கடைக்காரர் கேட்டார்.

"காது நல்லாத்தான் இருக்குங்க. கருவியில ஜிட்டர்னு ஒரு குறை இருக்கறதும் நிஜந்தான். ஆனா அது எனக்குக் கேக்குதான்னு பாக்காம, நீங்க காட்டின பயத்துக்கே இவளோட வயலினைக் குடுக்க இருந்தேன். எதை வாங்கறதுக்கு முன்னாடியும் ஒரு தடவை கண்ணக் கட்டிக்கிட்டுச் சோதிச்சுப் பாக்கணும்ங்க."