அண்ணனின் ரம்பம்

கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டும்போது முடிச்சு நழுவிக்கொண்டே இருந்தது. திருமலைச்சாமிக்கு இடது கை ஆள்காட்டி விரலில் நுனிக்கணு கிடையாது. நூலை அழுத்திப் பிடிக்க வேண்டிய இடத்தில் அந்த விரல் எட்டவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சேனாதிபதி கையை நீட்டி நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். இரும்புப் பட்டறையில் இருபது வருஷம் அண்ணன் தங்கமுத்துவுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர்.

"விடுங்கண்ணே, நான் கட்டிக்கிறேன்."

"சேர்த்துப் பிடிச்சா வெரசா ஆகும்ல, திருமலை."

முடிச்சு விழுந்தது. தங்கமுத்துவின் கால்கள் ஒன்றாக நின்றன. பத்து நாள் காய்ச்சல், நெஞ்சில் சளி, விடிவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. வெளியே நேற்று முன்தினம் பிடித்த மழை இன்னும் விடவில்லை.

வடகவுஞ்சியிலிருந்து நனைந்துகொண்டே வந்திருந்த சின்னத்தாயி அத்தை, பிணத்தின் வலது கையைத் தூக்கித் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"இரும்போட கெடந்த மனுசன் கை மாதிரியா இருக்கு? பாருங்கடி, பத்து வெரலும் அப்படியே இருக்கு. ஒரு கீறல் உண்டா? எம்புட்டுப் பதனமா இருந்த புள்ளை!"

பெண்கள் பார்த்தார்கள். பிறகு, பார்க்கக்கூடாது என்று நினைத்தாலும் முடியாமல், ஒன்றிரண்டு பேர் திருமலைச்சாமியின் கையையும் பார்த்தார்கள். அவன் கையை வேட்டி மடிப்புக்குள் இழுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

தகரச் சாய்ப்பின் கீழ் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. ஏரிக்கரை ஓட்டல் சமையல்காரர், பள்ளிக்கூடத்து வாட்ச்மேன், டாக்ஸிக்காரர்கள், காய்கறிக் கமிஷன் கடைக்காரர் என்று இந்த மழையிலும் வந்திருந்தார்கள். எல்லார் தலைக்கு மேலும் அண்ணன் போட்டுக் கொடுத்த கூரை ஏதாவது ஒன்று இருந்தது. நான் செத்தால் இவர்களில் யார் வருவார்கள் என்று திருமலைச்சாமி நினைத்தான். வாட்ச்மேன் வருவான். அவனும் மழை இல்லாவிட்டால்தான். இந்த நேரத்தில் இப்படி நினைக்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. ஆனாலும் நினைப்பு நிற்கவில்லை.

சுடுகாட்டைப் பார்க்கப் போயிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். முன்னால் வந்த பட்டறை முதலாளி நல்லுசாமி குடையை மடக்காமலே சொன்னார்.

"கொட்டகை போச்சு. தைல மரம் ஒண்ணு மேலயே சாஞ்சு கெடக்கு. தூணு ரெண்டுதான் நிக்குது. மேல் சட்டம் பூரா முறுக்கிக்கிட்டுப் போயிருச்சு."

"அப்ப மழையில எப்படிங்க எரிக்கிறது?"

"எரியாது. நனைஞ்ச வெறகு பத்திக்காது."

பெரியகுளம் போகிற மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. கீழே கொண்டுபோகவும் வழியில்லை. புதைத்துவிடலாம் என்று ஒருவர் மெல்லச் சொன்னபோது, உள்ளேயிருந்து அண்ணன் மனைவி வேலுத்தாயின் குரல் வந்தது.

"புதைக்க வேணாம். அவரு அப்பன் ஆத்தா எரிஞ்ச மாதிரி அவரும் எரியட்டும்."

நல்லுசாமி யோசித்தார். தகரம் பட்டறையில் இருக்கிறது. புது ஆங்கிள் இரும்பும் கிடக்கிறது. அளவுக்கு அறுத்துத் துளை போட்டுக் கொண்டுபோனால் அங்கே போல்ட் போட்டுப் பூட்டிவிடலாம். ஆனால் அத்தனை துண்டையும் கை ரம்பத்தால் அறுத்தால் இருட்டிவிடும்.

"கரண்டு ரம்பத்தை எடுக்கணும்" என்றார்.

கூட்டத்தில் சிலர் திருமலைச்சாமியின் பக்கம் திரும்பினார்கள்.

அந்த ரம்பத்தை அணைக்கட்டு வேலைக்கு வந்திருந்த ஒரு எஞ்சினியர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனார். கையில் தூக்கிப் பிடித்து இரும்பை அறுக்கலாம். வட்டமான பல் தகடு. கொடைக்கானலில் அப்போது அப்படி வேறொன்று இல்லை. முதலில் அண்ணன் தம்பி இருவருமே அதில் அறுத்தார்கள். திருமலைச்சாமிதான் வேகம். அந்தத் தகட்டின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு ஒரு மூடி உண்டு. அறுக்கும்போது இரும்பு அதைப் பின்னால் தள்ளும். எடுத்ததும் ஸ்பிரிங் இழுத்துத் தானாக மூடிக்கொள்ளும். அது நடுவில் இடிக்கிறது, கோடு தெரியவில்லை என்று திருமலைச்சாமி ஒருநாள் அதை மேலே தூக்கிக் கம்பியால் கட்டிவைத்து அறுத்தான். வேலை முடிந்தது. சுவிட்சை விட்டவன், தகடு சுற்றி ஓய்வதற்குள் மேசைமேல் இறக்கினான். பல் மரத்தில் கடித்துத் துள்ளியது. மேசைமேல் அவன் இடது கை இருந்தது.

பிளக்கைப் பிடுங்கியது அண்ணன். தன் துண்டால் கையைக் கட்டி, ஆஸ்பத்திரிவரை தோளில் சாய்த்துக் கூட்டிக்கொண்டு போனதும் அண்ணன். திரும்பி வந்து ரம்பத்தை மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான். ஒரு வார்த்தை திட்டவில்லை. "இனிமே மிஷினு தங்கமுத்து சோலி" என்று முதலாளிதான் சொன்னார். அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சாவி அன்றைக்கு அண்ணனின் அரைஞாணில் ஏறியது. கூலி ஏறியது. பேர் ஏறியது. ஊரில் யாரும் பட்டறையைக் கேட்டு வரவில்லை, "தங்கமுத்து இருக்காரா?" என்றுதான் வந்தார்கள்.

வேலுத்தாய் வாசல்படிக்கு வந்தாள். குளிப்பாட்டும்போது அவிழ்த்த சாவியை முந்தானையில் முடிந்திருந்தாள். முடிச்சை அவிழ்த்துக் கையில் எடுத்தாள். திருமலைச்சாமி ஒரு அடி முன்னால் வந்தான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு சாவியைச் சேனாதிபதியிடம் நீட்டினாள்.

"அண்ணே, நீங்க வச்சுக்கங்க."

முன்வைத்த காலை எங்கே வைப்பது என்று திருமலைச்சாமிக்குத் தெரியவில்லை. மழையைப் பார்க்கிறவன்போல் திரும்பிக்கொண்டான். அண்ணன் செத்தும் கொடுக்கவில்லை என்று நினைத்தான்.

பட்டறையில் சேனாதிபதி பெட்டியைத் திறந்தார். எண்ணெய்த் துணியில் சுற்றிய ரம்பத்தை இரண்டு கையாலும் தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு விலகி நின்றார்.

"எடு."

"ஒங்ககிட்டதான குடுத்தாங்க."

"எனக்கு டிரில்லு தெரியும். இது கிட்ட வரவே எனக்கு பயம். அது அந்தப் புள்ளைக்குத் தெரியாது." எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மனசுல வச்சுக்காத, திருமலை. புருசனைப் பறிகொடுத்துட்டு நிக்குது. இன்னொரு ரத்தத்தைப் பாக்கப் பயந்திருக்கும்."

திருமலைச்சாமி பிளக் மாட்டியிருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. தகட்டைத் துணியால் பிடித்து ஒரு சுற்று சுற்றி, பல் உடைந்திருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தான். திருகை இறுக்கினான். மூடியைப் பின்னால் இழுத்து விட்டான். அது பாதிவரை வந்து நின்றுவிட்டது.

மறுபடி இழுத்து விட்டான். மறுபடியும் பாதிதான். அண்ணன் படுத்திருந்த பத்து நாளும் பெட்டியில் ஈரத்தோடு கிடந்ததில் இரும்புத்தூள் துருவேறி ஸ்பிரிங்கைப் பிடித்திருந்தது.

வாசலில் டாக்ஸிக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "ஆச்சாங்க? மொதலாளி வெரசா வரச் சொல்றாரு. பொழுது போகுது."

சேனாதிபதி தயங்கினார். "இன்னைக்கி ஒரு நாளைக்கி... அதக் கொஞ்சம் மேல கட்டிக்கிட்டு அறுத்துருவமா? நீ பாத்துதான செய்வ."

திருமலைச்சாமி தன் குறை விரலைப் பார்த்தான். கட்டி அறுத்தால் சீக்கிரம் முடியும். ஏதாவது ஆனால், அண்ணனைப் போய் எரிப்பதற்குள் தம்பி இன்னொரு விரலை விட்டான் என்று சின்னத்தாயி அத்தை அடுத்த சாவிலும் சொல்லி அழுவாள். ஒன்றும் ஆகாவிட்டாலும், கட்டித்தான் அறுத்தான் என்பார்கள். அவர்களுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்கக்கூடாது.

"மண்ணெண்ணெய் குடுங்க."

மூடியைக் கழற்றினான். ஸ்பிரிங்கையும் குழியையும் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துக் கம்பி நுனியால் சுரண்டினான். பிறகு எல்லாவற்றையும் ஈரம் போகத் துடைத்தான். டாக்ஸிக்காரர் இன்னொரு முறை வந்தார், திரும்பிப் போனார். மூடியை மாட்டி இழுத்து விட்டபோது 'டக்'கென்று வந்து சாத்திக்கொண்டது. மூன்று தடவை அப்படியே செய்து பார்த்தான்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து ஆணியில் போட்டான். நனைந்த வேட்டியை அவிழ்த்துவிட்டுக் காக்கி அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டான். கையைக் காயத் துடைத்தான். சிமெண்டுத் தரையில் ஈரம் ஊறியிருந்தது. காய்ந்த பலகை ஒன்றை இழுத்துப்போட்டு அதன்மேல் ஏறி நின்றான். ஆங்கிளை மேசையில் வைத்து இரண்டு இடத்தில் திருகி முடுக்கினான். அறுந்து விழவேண்டிய பக்கம் வெளியே தொங்கும்படி பார்த்துக்கொண்டான். இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்தால் நடுவில் தொய்ந்து தகட்டைக் கவ்வும். ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டான். பெட்டியிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டினான். பட்டை தளர்ந்து மூக்கில் இறங்கியது. அண்ணனுக்குப் பெரிய தலை. பின்னால் ஒரு முடிச்சுப் போட்டான்.

"பின்னால நிக்காதீங்கண்ணே. கவ்வுச்சுன்னா பின்னாடிதான் ஒதைக்கும். இந்தப் பக்கம் வாங்க."

சேனாதிபதி நகர்ந்தார். அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இதெல்லாம் தங்கமுத்து ஒனக்குச் சொல்லிக் குடுத்தானா?"

"இல்லை."

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த மூலையில் கை ரம்பத்தோடு நின்று இத்தனை வருஷமும் அண்ணனைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். அண்ணன் ஒயரை எங்கே போடுகிறான், எந்தக் காலை முன்னால் வைக்கிறான், எப்போது சுவிட்சை விடுகிறான் என்று ஒவ்வொன்றையும் பார்த்தான். என்றைக்காவது ஒருநாள் தப்புச் செய்வான், அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தான். காத்திருந்து காத்திருந்து அத்தனையும் மனப்பாடமாகிவிட்டது. அண்ணன் தப்பே செய்யவில்லை.

சுவிட்சை அழுத்தினான். தகடு முழு வேகத்துக்கு வரட்டும் என்று காத்திருந்து, பிறகுதான் இரும்பில் வைத்தான். அழுத்தவில்லை. அது தன் கனத்தில் இறங்கியது. சூடான துகள்கள் முழங்கையில் பட்டுத் தெறித்தன. கைக்குள் ரம்பத்தின் அதிர்வு ஏறியபோது அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அண்ணன் வீட்டில் நீட்டிக் கிடக்கிறான், தனக்குச் சந்தோஷமாக இருக்கிறது என்று தெரிந்தது. அதை நிறுத்த அவனால் முடியவில்லை.

துண்டு அறுந்து தரையில் விழுந்தது. சுவிட்சை விட்டான். மூடி சாத்திக்கொண்டது. தகடு ஓயும்வரை ரம்பத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். சத்தம் முழுக்க அடங்கியபிறகு மேசையில் வைத்தான்.

சேனாதிபதி துண்டை எடுக்கக் குனிந்தார்.

"தொடாதீங்க. சுடும்."

ஒவ்வொரு துண்டுக்கும் அப்படியே செய்தான். திருகினான், காத்திருந்தான், அறுத்தான், காத்திருந்தான். சேனாதிபதி ஆறிய துண்டுகளில் துளை போட்டார். முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திருமலைச்சாமி ரம்பத்தைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தான். சேனாதிபதி பூட்டிச் சாவியை நீட்டினார்.

"மதினிகிட்ட குடுத்துருங்க" என்று சொல்லிவிட்டு அவன் வேட்டியைக் கட்டிக்கொண்டான்.

சுடுகாட்டில் விழுந்த மரத்தை அறுத்து ஒதுக்கியிருந்தார்கள். நின்ற தூண்கள் இரண்டோடு புதுத் தூண் இரண்டு நட்டு, மேலே ஆங்கிளைத் தூக்கி வைத்தபோது துளைக்கு நேராகத் துளை வந்து உட்கார்ந்தது. ஒன்றைக்கூட அரத்தால் ராவ வேண்டியிருக்கவில்லை. நல்லுசாமி அறுத்த முனையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"பிசிறே இல்லையே. தங்கமுத்து அறுத்த மாதிரியே இருக்கு."

பக்கத்தில் நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். திருமலைச்சாமி போல்ட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். இன்னும் ஒரு சுற்று முடுக்கினான். அது ஏற்கெனவே இறுகியிருந்தது.

தங்கமுத்துவுக்குப் பிள்ளை இல்லை. தம்பிதான் கொள்ளி வைக்க வேண்டும். தகரம் ஏறி முடிந்ததும் அவனைக் கல்லில் உட்காரவைத்து மொட்டையடித்தார்கள். மலையில் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணனைக் கொண்டுவந்து விறகில் கிடத்தினார்கள். முகத்தை மூடுமுன் வாய்க்கரிசி போட எல்லாரும் வரிசையாக வந்தார்கள். வரிசை நீளமாக இருந்தது. திருமலைச்சாமி கடைசி ஆள்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்து பின்னால் போட்டான். கொள்ளியை வைத்தான். மண்ணெண்ணெய் ஊற்றிய விறகு முதலில் புகைந்தது, பிறகு பற்றிக்கொண்டது.

"திரும்பிப் பாக்காம நடங்க தம்பி" என்றார் வடகவுஞ்சிக்காரர் ஒருவர், அவன் முதுகில் கைவைத்து.

அவன் கொட்டகையைவிட்டு வெளியே வந்தான். மொட்டைத் தலையில் மழை ஊசியாக இறங்கியது. சரிவில் கொஞ்ச தூரம் நடந்திருப்பான். மழை திடீரென்று வலுத்தது. பின்னால் தகரத்தில் அது கொட்டுகிற சத்தம் கேட்டது. அவன் நின்றான்.

"என்ன தம்பி? நடங்க."

திருமலைச்சாமி திரும்பவில்லை. தலையை லேசாகச் சாய்த்து, அந்தச் சத்தத்துக்குள் எங்காவது நெருப்பில் தண்ணீர் விழுகிற ஓசை கேட்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். தகரத்தின் சத்தம் மட்டும்தான் கேட்டது, ஒரே சீராக. உடன் வந்தவர் குடையை அவன் தலைக்கு மேல் பிடித்தார். குடைத்துணியில் மழை அடிக்கிற சத்தத்தில் தகரத்தின் சத்தம் மங்கியது. அவன் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, மழையிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.