வாடை குடித்த செடி

1976 மழைக்காலத்தில், தோல் பதனிடும் ஊரான ஆம்பூரில் சவுரியம்மாள் டீச்சரின் வீட்டுக்குள் மட்டும் தோல் வாடை நின்றுபோனது. வாசற்படிக்கு வெளியே ஊர் வழக்கம்போல நாறியது. காரணம் முன்னறை ஜன்னலில் தொங்கிய குடுவைச் செடி. பட்டாளத்திலிருந்த தன் தம்பி ஜெபராஜிடம் சொல்லி, ஷில்லாங்கிலிருந்து ஈரத்துணியில் சுற்றி அதை வரவழைத்தவன் அவள் புருஷன் ஆபேல். இலை நுனிகளில் மூடி போட்ட குடுவைகள். வழுக்கி விழுகிற ஈயை உள்ளிருக்கும் நீர் கரைத்துவிடும். ஊர்க் கிணற்றின் உப்புத் தண்ணீர் ஆகாதென்று ஆபேல் அண்டாவில் மழைநீர் பிடித்து ஊற்றினான். ஈக்கள் தீர்ந்ததும் செடி வாடையைத் தின்ன ஆரம்பித்தது.

அந்த ஊர் மூக்குகளுக்கு வாடை பழகிப்போயிருந்ததால், அது இல்லாததைச் சவுரியம்மாள் கவனிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்தரி பேகம்தான் ஒருநாள் மாலை உள்ளே வந்து உட்கார்ந்தபோது தாழ்ந்த குரலில் சொன்னாள்: "உங்க ஊட்டுக்காரர் மேல வாடையே இல்லியே டீச்சர். வேற எங்கியோ குளிச்சிட்டு வர்றாரா இன்னா?"

ஆபேல் டேனரியில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிக்கு மேஸ்திரி. எத்தனை சோப்பு போட்டாலும் போகாத வாடை அது. சவுரியம்மாள் அவன் சட்டையை முகர்ந்தாள்; ஒன்றுமில்லை. அன்றிலிருந்து அவன் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம். தலையில் எண்ணெய் கொஞ்சம் ஜாஸ்தியாகத் தெரிந்தால் சோறு இறங்காது. பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு சனிக்கிழமை முக்காடு போட்டுக்கொண்டு டேனரி வாசலில் போய் நின்றாள். வேலை முடிந்து வந்தவன் மேல் அதே பழைய நாற்றம். பின்னாலேயே நடந்தாள். அவன் எங்கும் திரும்பவில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபோது அவன் உடம்பிலிருந்து வாடை புகைபோலப் பிரிந்து, நூலாக நீண்டு, குடுவைகளுக்குள் இறங்குவதைப் பார்த்தாள்.

சந்தேகம் தீரவில்லை, செடியின் பக்கம் திரும்பியது. மகள் இன்பத்தின் தலையை முகர்ந்தாள். பிள்ளை வாசனை இல்லை. தன் கொண்டையில் வைத்திருந்த மல்லியை முகர்ந்தாள். அதுவும் வெறும் பூ. அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். ஆபேல் குறுக்கே நின்றான்.

"இது எல்லாத்தையும் திங்குது. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வெச்சிருக்கீங்களா?"

அவன் சுருட்டிவிட்ட சட்டைக் கையை இறக்கிக்கொண்டே சொன்னான்: "கல்யாணமான புதுசுல முந்தானையால மூக்க மூடிக்கினு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுப்ப. நான் தூங்கிட்டேன்னு நெனச்சிக்கினு இருந்த."

அவள் அரிவாள்மனையைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்தாள். மறுநாள் அவன் வருவதற்கு முன், துணி காயப்போடும் கிளிப்புகளால் குடுவைகளின் மூடிகளை ஒவ்வொன்றாக இறுக்கினாள். ஆபேல் உள்ளே வந்தான். சுண்ணாம்பும் பச்சைத் தோலுமாக வாடையும் கூடவே வந்தது. இன்பம் தும்மினாள். சவுரியம்மாள் அவன் தோள் உரச உட்கார்ந்து சோறு போட்டாள், முகத்தைத் திருப்பவில்லை. அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. வாடையால் என்று ஆபேல் நினைத்திருக்கலாம்.

அதன்பின் கோயிலுக்குப் போகும் ஞாயிறுகளில் மட்டும் மூடிகள் திறந்தன. மற்ற நாட்களில் மகளின் தலையை ஒருமுறை முகர்ந்து பார்த்தே அவள் பள்ளிக்கூடம் போனாள். எண்பத்து நான்குக்குள் செடியின் கிளைகளை வெட்டி நட்டு வாணியம்பாடி வரை பரப்பிவிட்டார்கள். செடி இல்லாத வீடுகள் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும் நாளுக்குச் செடித் தொட்டியை இரவல் கேட்பது வழக்கமாயிற்று. கேட்டு வருபவர்கள், விருந்தாளிகள் போனதும் மூடிகளை இறுக்க, கிளிப்புகளையும் சேர்த்தே வாங்கிப் போனார்கள்.